சாமி படத்தின் பின்புறத்தில் பதினேழாம் அத்தியாயம்

கிள்ளானில் பிறந்து கிள்ளானிலேயே வாழ்ந்து மறைந்த ஜெய்னம்பு, இளையோருக்காக ஆறு தொடர்கதைகள் எழுதினார். அவற்றுள் ஒன்று மட்டுமே புத்தகமாயிற்று. அந்த ஒன்றும் வெளிவராமலே போயிருக்கக்கூடும். ஒரே ஓர் அத்தியாயத்தை முன்னிட்டு, அவருக்கும் பதிப்பாசிரியருக்கும் ஓராண்டுக் காலம் கருத்து ஒன்றுபடவில்லை. அவருடைய தொடர்கள் வெளிவந்த வார இதழில் மெய்ப்புப் பார்த்தவள் என்னும் முறையில் நான் இரு தரப்பையும் அறிவேன். ஆகவே நடந்ததை நடந்தவாறு எழுதுகிறேன்.

ஜெய்னம்பு 1941-இல் பிறந்தார். தந்தை முத்து முகம்மது இராமநாதபுரக் கடற்கரையிலிருந்து வந்து, கிள்ளானில் துணிக்கடை வைத்தவர். மகளைத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டும், அதன்பின் ஆங்கிலப் பள்ளியில் மூன்றாண்டும் படிக்க வைத்தார். பத்தொன்பதாம் வயதில் ஜெய்னம்புக்குத் திருமணம் ஆயிற்று. கணவர் பாவா எட்டாண்டுகளில் காய்ச்சலில் காலமானார். பிள்ளைகள் இல்லை. 1970-இல், போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அப்போது அழைக்கப்பட்ட போர்ட் கிள்ளானில், சரக்குக் கணக்கெடுக்கும் அலுவலகம் ஒன்றில் தட்டச்சராகச் சேர்ந்தார். இருபத்தாறு ஆண்டுகள் அங்கேயே பணியாற்றினார்.

அவருடைய வேலை எளிமையானது. ஒரு கப்பல் வந்ததும், அதில் வரவேண்டிய பெட்டிகளின் எண்களை வரிசையாகத் தட்டச்சுச் செய்வார். இறங்கிய பெட்டிக்கு நேரே ஒரு குறி இடுவார்கள். இறங்காத பெட்டிக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதுவார்கள். பட்டியலில் எந்த எண்ணையும் நீக்கும் வழக்கம் இல்லை. இதை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு.

எங்கள் இதழின் அலுவலகம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது. ஆசிரியர் முத்துக்குமாரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்தவர். அரசாங்க அலுவலில் முப்பதாண்டு இருந்துவிட்டு, ஓய்வூதியத்தைக் கொண்டு இதழைத் தொடங்கியவர். நேர்மையானவர், கண்டிப்பானவர். இளையோர் பக்கத்தில் வரும் ஒவ்வோர் அத்தியாயத்தின் அடியிலும், 'இதனால் நாம் அறிவது' என்னும் தலைப்பில் நான்கு வரிகளைக் கட்டம் கட்டித் தாமே எழுதி வெளியிடுவார். கதையைப் படிக்கும் பிள்ளை தவறான இடத்துக்குப் போய்விடக் கூடாது என்பது அவருடைய கவலை.

ஜெய்னம்பு 1978 முதல் அப்பக்கத்தில் எழுதினார். முதல் இரண்டு தொடர்களிலும் குறை சொல்ல இடமில்லை. பாத்திரம் ஒன்று அழுதால் ஏன் அழுதது என்பதையும், பொய் சொன்னால் அது பொய் என்பதையும் உடனே விளக்கிவிடுவார். வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்து பேருந்தில் வந்து, கைப்பிரதியைக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"கடிதம் ஏதும் வந்துச்சா சார்?"

"சமையல் பக்கத்துக்கு ஒன்பது வந்திருக்கு, பிள்ளை. உங்களுக்கு இல்லை."

"ஒன்னுமே இல்லையா?"

"குறை சொல்லியும் ஒருத்தரும் எழுதேல்லை. அதைப் பாருங்கோ."

அதைக் கேட்டு அவர் மகிழ்ந்ததாக எனக்கு நினைவில்லை.

மூன்றாம் தொடரின் பெயர் 'நான்காம் கிடங்கு'. 1982 அக்டோபர் முதல் ஞாயிறன்று தொடங்கி, இருபத்து நான்கு வாரம் வந்தது. துறைமுகத்தில் லோரி ஓட்டும் தம்புசாமி, அவர் மனைவி, மகன் ஜெயராஜ், பதினைந்து வயது மகள் தவமணி ஆகிய நால்வரே கதையின் மனிதர்கள். மழை பெய்த ஓர் இரவில், கிடங்கிலிருந்து துணிப்பொதி ஒன்று காணாமற்போகிறது. பதினாறாம் அத்தியாயத்தில், விடிந்தும் விடியாத வேளையில் தவமணி கண்விழிக்கிறாள். அண்ணன் உறங்குகிறான். அவனுடைய நீலச் சட்டை அடுப்படிக் கயிற்றில் நீர் சொட்டத் தொங்குகிறது. அவனுடைய செருப்பு வாசலில் காய்ந்து கிடக்கிறது. பதினேழாம் அத்தியாயத்தில், பொதியை எடுத்தவன் தானே என்று ஜெயராஜ் தந்தையிடம் ஒப்புக்கொள்கிறான். பதினெட்டாம் அத்தியாயத்தில், யாரும் கேளாமலே தம்புசாமி அலுவலகத்துக்குப் போய் லோரியின் சாவியை ஒப்படைத்துவிட்டு வருகிறார். அன்று மாலை, நீலச் சட்டையில் தெறித்துப்போன மூன்று பொத்தான்களை மனைவி தைக்கிறாள்.

தொடர் முடிந்ததும், 1983 ஏப்ரலில், ஜெய்னம்புக்கு முதன்முதலாகக் கடிதங்கள் வந்தன. மொத்தம் பதினொன்று. பதினொன்றும் துறைமுகத்தை அடுத்த பண்டமாரானிலிருந்து வந்தவை. எழுதியவர் அனைவரும் பெண்பிள்ளைகள். எல்லாக் கடிதங்களிலும் ஒரே கேள்வி: பொதியை எடுத்தது யார்?

ஜெய்னம்பு பதினொன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்துப் படித்தார்.

"பதினேழுல எவ்வளவு விளக்கமா எழுதியிருக்கேன்! படிக்கவே இல்லையே, டீச்சர்," என்றார் என்னிடம். நான் பகலில் பள்ளி ஆசிரியை, மாலையில் மட்டுமே மெய்ப்புத் திருத்த வருபவள் என்பதால், என்னை அவ்வாறே அழைப்பார்.

அடுத்த ஞாயிறன்று அவர் பண்டமாரானுக்குப் போனார். கடிதங்களின் உறைகளில் ஒரே வீட்டின் முகவரி இருந்தது. அது வீரம்மாவின் வீடு. கணவர் துறைமுகத்தில் முறைவேலை பார்ப்பவர். வீரம்மா அக்கம்பக்கத்து வீடுகளில் வாங்கும் இதழ்களிலிருந்து தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, ஒழுங்காக அடுக்கி, கோணி ஊசியாலும் சரக்குச் சாக்கின் நூலாலும் தைத்துப் புத்தகமாக்கி, அத்தெருப் பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடுப்பவர். அவர்கள் கடிதம் எழுதினால், தம் வீட்டு முகவரியை இட்டு அவரே அஞ்சலில் சேர்ப்பார். அன்று நிகழ்ந்ததை ஜெய்னம்பு எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒரு முறையும் மாற்றிச் சொன்னதில்லை.

வீரம்மா தைத்த புத்தகத்தை ஜெய்னம்பு புரட்டினார். பதினாறுக்குப் பின் பதினெட்டு இருந்தது.

"பதினேழு எங்கம்மா?"

வீரம்மா திரும்பிச் சாமி அறையைப் பார்த்தார்.

"அது சாமியாயிருச்சுக்கா."

"என்ன ஆச்சு?"

"தைப்பூசத்துக்கு முந்தின வாரம், கலர்ல முருகன் படம் போட்டாங்கள்ல? அந்தப் படத்துக்குப் பின்பக்கம்தான் உங்க கதை. எங்க மாமியா படத்த வெட்டி, பிரேம் போட்டு மாட்டிட்டாங்க."

"மத்த வீடுகள்ல?"

"எல்லா வீட்டுலயும் மாட்டிட்டாங்கக்கா. நான் கேட்டுப் பார்த்தேன். ஒருத்தரும் கழட்டித் தரமாட்டேன்னுட்டாங்க. பூவெல்லாம் வெச்சாச்சு, இனிமே தொட முடியாதுலா."

ஜெய்னம்பு சாமி அறையின் வாசல்வரை போனார். கண்ணாடிச் சட்டத்துக்குள் வேலேந்திய முருகன் இருந்தார். அவருக்குப் பின்னால், அட்டையைப் பார்த்தபடி, ஜெயராஜின் வாக்குமூலம் இருந்தது.

"நான் எழுதுனது அங்க இருக்குன்னு எங்க வாப்பாவுக்குத் தெரிஞ்சா என்ன சொல்வாரோ!" என்றார் ஜெய்னம்பு. வீரம்மா சிரித்தபடி தேநீர் வைத்தார்.

தேநீர் ஆறுவதற்குள், கடிதம் எழுதிய பிள்ளைகளுள் இருவர் வந்துவிட்டனர். மூத்தவள் சீதாலெட்சுமிக்குப் பதினாறு வயது. அவள் தோழி புஷ்பவல்லிக்குப் பதினான்கு.

"ஆன்டி, அப்பாதானே எடுத்தாரு?" என்றாள் சீதாலெட்சுமி, அமர்வதற்கு முன்பே.

"இவளுக்கு வேற வேலை இல்ல ஆன்டி," என்றாள் புஷ்பவல்லி. "அண்ணன்தான். சட்டை நனைஞ்சிருக்குல்ல?"

"சட்டைதான் நனைஞ்சிருக்கு. ஸ்லிப்பர் காஞ்சிருக்கே! அவன் கிட்ட இருக்கறது அந்த ஒரு ஸ்லிப்பர்தான், மூணாவது அத்தியாயத்துல வருது. மழையில காத்துல பறந்தா போனான்?"

"வெறுங்காலோட போயிருப்பான்."

"சரி, பட்டன்? ஜெயராஜ் சட்டை அவன் மேல கொடியில தொங்குற மாதிரி தொங்கும்னு ஆன்டியே எழுதியிருக்காங்க. அவ்வளவு ஒல்லி. ஒல்லியா இருக்கறவனுக்கு எப்படிடீ நெஞ்சுல மூணு பட்டன் தெறிக்கும்? அப்பாவுக்குத்தான் தொப்பை. அப்பா அந்தச் சட்டையப் போட்டுக்கிட்டுப் போயிருக்காரு."

"அப்பா எதுக்கு மவன் சட்டையப் போடணும்?"

"அவரு சட்டை முதுகுல கம்பெனி பேரு இருக்குலா, மண்டு!"

புஷ்பவல்லி புத்தகத்தைப் பிடுங்கி, பின்னோக்கிப் புரட்டத் தொடங்கினாள்.

"பாருங்கக்கா, இதே கதைதான்," என்றார் வீரம்மா. "முன்னெல்லாம் ஒரு வாட்டி படிச்சிட்டு மறுநாளே குடுத்துருவாங்க. இதுக்கு நான் மூணு வாட்டி தையல் போட்டுட்டேன். பின்னாடி பின்னாடி புரட்டி நூலு அந்துபோவுது."

எடுத்தவன் பெயர் பதினேழில் மட்டுமே இருந்தது; பிந்தைய அத்தியாயங்களோ கட்டங்களோ அதைத் திரும்பச் சொல்லவில்லை. பொத்தான்கள் தெறித்ததற்குக் காரணத்தையும் அந்தப் பதினேழில்தான் ஜெய்னம்பு எழுதியிருந்தார். காவலாளியோடு ஜெயராஜ் மல்லுக்கட்டியபோது அவை தெறித்தனவாம். காய்ந்த செருப்புக்கோ காரணம் எதுவும் இல்லை. விடியற்காலை வாசலில் ஏதேனும் பொருள் கிடக்கவேண்டும் என்று எண்ணி, கைபோன போக்கில் எழுதியது அது. மெய்ப்புப் பார்த்த நானும் அதைக் கவனிக்கவில்லை. முத்துக்குமாருவும் கவனிக்கவில்லை. பதினாறு வயதுப் பெண்ணொருத்தி கவனித்தாள். விடை கையில் கிடைத்திருந்தால் அவளும் கவனித்திருக்கமாட்டாள்.

அன்று ஜெய்னம்பு அவர்களுக்கு விடை சொல்லவில்லை. கிள்ளானுக்குத் திரும்பி, தம் கதையை முதலிலிருந்து, பதினேழை மட்டும் நீக்கிவிட்டு, அயலார் எழுதியதைப் போலப் படித்துப் பார்த்தார். சாவியை ஒப்படைக்கும் தம்புசாமி, முன்பு மகனைக் காப்பாற்றும் தந்தையாக மட்டுமே இருந்தார். இப்போது அவர் குற்றவாளியாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் இடமிருந்தது. பொத்தான் தைக்கும் தாய்க்கு என்ன தெரியும் என்பதே இப்போது பெரிய கேள்வியாக நின்றது. அதைப் பற்றி அவர் ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை.

1984 தொடக்கத்தில், இளையோர் பக்கத்தின் தொடர்களுள் ஒன்றைப் புத்தகமாக்க முத்துக்குமாரு முடிவு செய்தார். கடிதங்கள் வந்த கதை என்பதால் 'நான்காம் கிடங்கை'த் தேர்ந்தெடுத்தார். பள்ளி நூலகங்கள் வாங்கும் என்பது அவருடைய நம்பிக்கை. ஜெய்னம்புக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. தம் பெயரை ஒரு புத்தகத்தின் அட்டையில் காணவேண்டும் என்னும் ஆசையை அவர் மறைத்தவரல்லர். ஆயினும் கைப்பிரதியைப் பதினேழாம் அத்தியாயம் இல்லாமலே கொண்டுவந்து கொடுத்தார்.

முத்துக்குமாரு எண்ணிப் பார்த்தார்.

"ஒண்டு குறையுது, பிள்ளை."

"தெரியும் சார். அது வேணாம்."

"ஆர் எடுத்தது எண்டு சொல்லாமல் ஒரு கதையோ? பள்ளிக்கூடக் குழு என்ன கேக்கும் தெரியுமோ? 'பிள்ளைக்கு இதாலை என்ன விளங்கும்?' எண்டு கேக்கும். நான் என்ன சொல்லுறது?"

"பிள்ளைங்களே கண்டுபிடிக்கிறாங்க சார். சொல்லிட்டா விட்டுடுறாங்க. சொல்லாம விட்டா, முன்னாடி என்ன எழுதியிருக்குன்னு திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறாங்க."

"அது கள்ளனைப் பிடிக்கிற விளையாட்டு. இலக்கியம் இல்லை."

"இருக்கலாம் சார். ஆனா பண்டமாரான்ல ஒரு புள்ள அம்மாவப் பத்தியும் கேட்டா. அம்மாவுக்குத் தெரியுமா, தெரியாதான்னு. அது விளையாட்டு இல்லையே."

"பதினேழு இல்லாமல் புத்தகம் இல்லை," என்றார் முத்துக்குமாரு.

"அப்ப புத்தகம் வேணாம் சார்," என்று ஜெய்னம்பு கைப்பிரதியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். குரலை உயர்த்தவில்லை. பேருந்து நிறுத்தம் வரை நான் உடன் சென்றேன். அன்று நானும் ஆசிரியர் பக்கமே இருந்தேன். வாசகரிடமிருந்து ஒன்றை மறைப்பது நேர்மையன்று என்று அவரிடம் சொன்னேன். "மறைக்கலை டீச்சர். எல்லாம் வாசல்லயும் கயித்துலயும்தான் கிடக்கு," என்றார்.

ஏறத்தாழ ஓராண்டு கழிந்தது. அவர் வெள்ளிக்கிழமைகளில் வழக்கம்போல் வந்து, நான்காம் தொடரை எழுதிக் கொடுத்தார். புத்தகத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. அட்டைக்கென வரைந்து வாங்கிய கிடங்கின் ஓவியம், ஆசிரியர் மேசையின் கண்ணாடிக்கு அடியிலேயே கிடந்தது. ஜெய்னம்பு அதைப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

1985 பிப்ரவரியில் முத்துக்குமாரு சற்று இறங்கி வந்தார். பதினேழு வேண்டாம், ஆனால் கதையின் இறுதியில், அவருடைய வழக்கப்படி, 'இதனால் நாம் அறிவது' என்னும் கட்டம் இருக்கவேண்டும். குழுவினர் அதைப் படித்துக்கொள்வார்கள்.

ஜெய்னம்பு உடனே இசைந்தார்.

"எழுதுங்க சார். ஆனா, யார் எடுத்ததுன்னு நீங்களே முடிவு பண்ணித்தான் எழுதணும். செருப்பு, பட்டன் எல்லாத்துக்கும் ஒத்துவரணும். நீங்க எதை எழுதினாலும் நான் ஒரு வார்த்தை மாத்தச் சொல்லமாட்டேன்."

"இதிலை முடிவு பண்ண என்ன கிடக்கு? பெடியன்தான். நீங்களே எழுதினீங்கள்."

"நான் எழுதினேன் சார். ஆனா சட்டை வேற சொல்லுதே."

அந்த வெள்ளியன்று கைப்பிரதியை வாங்கி வீட்டுக்கு எடுத்துச் சென்ற முத்துக்குமாரு, திங்களன்று நான்கு வரிகளோடு வந்தார். தீய நட்பு இளைஞனைக் கெடுக்கும் என்பது அவற்றின் சாரம். அச்சுக்கோப்பவரிடம் கொடுப்பதற்குமுன் தாமே மறுபடி படித்தவர், தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். புதனன்று வேறு நான்கு வரிகள் வந்தன. தந்தையின் பேராசை குடும்பத்தை அழிக்கும் என்றன அவை. அவற்றையும் மடித்து வைத்துக்கொண்டார். வியாழனன்று என் மேசைக்கு வந்து நின்றார்.

"அந்தச் செருப்பை நீங்கள் வாசிச்சனீங்களோ?"

"மூன்று முறை மெய்ப்புப் பார்த்தேன், ஐயா."

"மெய்ப்புப் பார்த்ததைக் கேக்கேல்லை. வாசிச்சனீங்களோ?"

நான் கைப்பிரதியை எடுத்துப் பதினாறாம் அத்தியாயத்தைத் திறந்தேன். பிறகு நாங்கள் இருவரும் அமர்ந்து, பதினாறையும் பதினெட்டையும் வரிவரியாகப் படித்தோம். தாய்தான் மகனின் சட்டையை நனைத்துத் தொங்கவிட்டாள் என்று நான் சொன்னேன். எதற்கு என்று அவர் கேட்டார். கறையைக் கழுவ என்றேன். எதன் கறை என்றார். லோரி எண்ணெய் என்றேன். "அப்ப தகப்பன்!" என்று மேசையைத் தட்டினார். அப்படியானால் தாய்க்குத் தெரியும் என்றேன். தெரிந்த தாயா மறுநாள் மாலை அமைதியாகப் பொத்தான் தைப்பாள் என்றார். அச்சுக்கோப்பவர் இருமுறை வந்து, கட்டம் எங்கே என்று கேட்டுவிட்டுப் போனார்.

கட்டம் எழுதப்படவேயில்லை. அடுத்த நாள் ஜெய்னம்பு வந்தபோது, முத்துக்குமாரு மேசைக் கண்ணாடியைத் தூக்கி, அட்டை ஓவியத்தை வெளியே எடுத்தார்.

"என்னாலை ஏலாது, பிள்ளை. உங்கடை விருப்பம். ஆனா அத்தியாய எண்ணை மாத்துவம். பதினெட்டைப் பதினேழு எண்டு போட்டால், குறையிறது ஒருத்தருக்கும் தெரியாது."

"வேணாம் சார். வராத பெட்டியோட எண்ணை நாங்க பட்டியல்ல இருந்து நீக்கமாட்டோம். எண் இருந்தாத்தான், ஒன்னு வரலைன்னு தெரியும், தேடுவாங்க."

'நான்காம் கிடங்கு' அவ்வாண்டு ஜூலையில் வெளிவந்தது. பதினாறுக்குப் பின் பதினெட்டு. முதல் மாதத்திலேயே பிரிக்பீல்ட்ஸ் புத்தகக் கடைக்குப் பதினான்கு பிரதிகள் திரும்பி வந்தன. தாள் குறைகிறது, மாற்றித் தருக என்றார்கள். கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார். மாற்றிய பிரதியிலும் பதினேழு இல்லை என்று இருவர் மறுபடியும் வந்தார்கள். முடிவில், 'இப்புத்தகத்தில் எதுவும் குறையவில்லை' என்று ஒரு துண்டுச்சீட்டை அச்சிட்டு, ஒவ்வொரு பிரதியிலும் முத்துக்குமாரு ஒட்டச் செய்தார். அதன் மெய்ப்பை நான் பார்த்தேன். பள்ளி நூலகக் குழு புத்தகத்தை ஏற்கவில்லை. ஆயிரம் பிரதிகள் தீர ஆறாண்டுகள் ஆயின. ஜெய்னம்பு அதற்காக வருந்தியதுண்டு. வருந்தவில்லை என்று எழுதினால் அது பொய்யாகும். ஆனால் கடிதங்கள் நிற்கவில்லை. அவற்றுள் சில, அவரே எண்ணாத முடிவுகளைச் சான்றுகளோடு கூறின. எல்லாவற்றுக்கும் பதில் எழுதினார். எதற்கும் 'சரி' என்று எழுதவில்லை.

பின்னர் எழுதிய தொடர்களில் அவர் விளக்கங்களைக் குறைத்துக்கொண்டார். அப்பக்கத்தில் கட்டமும் மெல்ல நின்றுபோயிற்று.

1991-இல் வீரம்மாவின் குடும்பம் அடுக்குமாடி வீட்டுக்கு மாறியது. சாமான்களை ஏற்றியபோது, முருகன் படத்தின் கண்ணாடி உடைந்தது. புதுச் சட்டம் போடுவதற்காகப் படத்தை வெளியே எடுத்த வீரம்மா, அதன் பின்புறத்தைப் பார்த்துவிட்டு, ஒரு செய்தித்தாளில் சுற்றி ஜெய்னம்புவின் வீட்டுக்குக் கொண்டுவந்தார். சீதாலெட்சுமியும் உடன் வந்தாள். அவள் அப்போது துறைமுகக் கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தாள். நானும் அன்று அங்கே இருந்தேன்.

"இன்னும் நாங்க படிக்கலைக்கா," என்றார் வீரம்மா. "உங்கள கேக்காம எப்படி?"

"நான் படிக்கட்டுமா ஆன்டி?" என்றாள் சீதாலெட்சுமி.

"உன் இஷ்டம்," என்றார் ஜெய்னம்பு.

சீதாலெட்சுமி சன்னலோரம் நின்று படித்தாள். அவசரப்படவில்லை. ஓரிடத்தில் மீண்டும் மேலே போய்ப் படித்தாள். ஜெய்னம்பு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். படித்து முடித்ததும், அவள் தாளைத் திருப்பி, முருகன் முகம் மேலே தெரியுமாறு மேசையில் வைத்தாள்.

"இது சரி வராது ஆன்டி," என்றாள். "அந்த ஸ்லிப்பர் காஞ்சிருந்துச்சே!"

"ஆமா," என்றார் ஜெய்னம்பு. "அப்ப யாரு எடுத்திருப்பா?"

"நான் இப்ப அம்மாதான்னு நினைக்கிறேன்."

ஜெய்னம்பு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அம்மாவா? எதை வெச்சு சொல்ற?"